உப்பைக் குறைக்கச் சொல்வதற்கு முன் மாத்திரைப் பையைப் பாருங்கள்

போன மாதம் களப்பணிக்கு வந்திருந்த மாணவி ஒருத்தியின் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, யோகா சிகிச்சையில் முதுநிலை டிப்ளமா படிக்கிறவள். கெட்டிக்காரி. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: "உப்பைப் பாதியாகக் குறைக்கவும், வாரம் ஒருநாள் பட்டினி இருக்கவும் அறிவுறுத்தப்பட்டது." முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். மருந்து என்ற கட்டத்தில் "மனநல மாத்திரைகள்" என்று மட்டும் எழுதியிருந்தாள். அன்று மாலையே நோயாளியான அந்த அம்மாவுக்குப் போன் செய்து, மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை மகனிடம் கொடுத்து எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னேன். லித்தியம். உப்பைக் குறைத்தால் ரத்தத்தில் ஏறி நஞ்சாகிவிடும் மனநோய் மருந்து.

பதினாறு வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு. சமூகப்பணியாளர்கள், செவிலியர்கள், உளவியல் படித்தவர்கள் என்று பலர் இப்போது யோகா சிகிச்சை, ஒருங்கிணைந்த மருத்துவம் என மேற்படிப்புக்குப் போகிறார்கள். நானும் அந்த வழியில் வந்தவள்தான், அந்தப் படிப்பின் மேல் மரியாதை உள்ளவள். நேரத்துக்கு வருவது, ரகசியம் காப்பது பற்றியெல்லாம் எல்லா வகுப்பிலும் சொல்லிவிடுவார்கள். வகுப்பில் அழுத்திச் சொல்லாதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஆய்வைப் பாதி படிப்பது

"மனச்சிதைவுக்கு யோகா பலன் தருகிறது என்று நிம்ஹான்ஸிலேயே நிரூபித்திருக்கிறார்கள் மேடம்" என்று ஆண்டுக்கு ஒருவராவது சொல்கிறார். பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் அப்படி ஆய்வுகள் நடந்தது உண்மை. ஆனால் அதில் யோகா, நோயாளிகள் ஏற்கெனவே எடுத்துவந்த மருந்தோடு சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது. முடிவுரையை மட்டும் படித்தால் இது கண்ணில் படாது. ஆய்வு நடந்த முறையைச் சொல்லும் பகுதியை முதலில் படியுங்கள்.

எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வது

குழுப் பயிற்சியில் முதல் வாக்கியமே இதுதான்: "கண்களை மெதுவாக மூடிக்கொள்ளுங்கள்." வீட்டில் அடி வாங்கிய ஒரு பெண் கண்ணை மூடிய அரை நிமிடத்தில் மூச்சு முட்டி எழுந்து கதவைத் தேடி ஓடியதை நேரில் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடினால் சிலருக்கு அந்த நாளே திரும்ப வந்துவிடும். தரையில் ஓர் இடத்தைப் பார்த்தபடி இருக்கலாம், வேண்டாமென்றால் நிறுத்தலாம், கதவருகே உட்காரலாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்ல அரை நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

"சாப்பாடுதானே" என்று நினைப்பது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பதினாறு வருடங்களுக்கு முன் நான் பார்த்த ஒருவர். நாற்பது வயதிருக்கும், தறி ஓட்டுகிறவர். இருதுருவ மனநோய்க்கு (மனம் அளவுமீறிப் பொங்குவதும் சோர்ந்துபோவதும் மாறி மாறி வருவது) ஏழெட்டு வருடமாக மாத்திரை எடுத்து, வேலைக்குப் போய்க்கொண்டு நன்றாகவே இருந்தார். உடம்பு கனமாக இருக்கிறது, காலில் லேசாக நீர் கோத்திருக்கிறது என்று என்னிடம் வந்தார். நான் அப்போதுதான் இயற்கை உணவு பற்றிய வகுப்புகளை முடித்திருந்தேன். பத்து நாள் உப்பில்லாப் பத்தியம், இரண்டு வேளை பழம், நடுவில் இரண்டு நாள் பட்டினி என்று எழுதிக் கொடுத்தேன். மாத்திரையை மட்டும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம் என்றும் சொன்னேன். பொறுப்பாக நடந்துகொண்டதாகவே நினைத்தேன்.

ஏழாம் நாள் அவருடைய அம்மா கையைப் பிடித்து அழைத்துவந்தார். கால் அகற்றி அகற்றி வைத்து நடந்தார். தண்ணீர் கொடுத்தேன், டம்ளர் வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் கொட்டியது. பேச்சு குழறியது. மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. "ஏம்மா முன்னாடியே வரலை?" என்று கேட்டேன். "நீதானே கண்ணு சொன்னே, கழிவு வெளியேறும்போது இப்படித்தான் இருக்கும்னு" என்றார் அந்த அம்மா.

சொன்னது நான்தான். எனக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொல்லியிருந்தேன்.

மருத்துவமனையில் ரத்தத்தில் லித்தியம் பார்த்தார்கள். லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது, 2-ஐத் தாண்டியிருந்தது. 1.5-ஐத் தாண்டினாலே நச்சு அறிகுறிகள் தெரிய ஆரம்பிக்கும். சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடத்துகிறது. உப்பு குறைந்தால், இருக்கிற சோடியத்தை வெளியே விடாமல் இழுத்துப் பிடிக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பட்டினியும் வயிற்றுப்போக்கும் உடம்பின் நீரை வற்றவைத்தால் நிலைமை இன்னும் மோசம். அவர் ஒரு மாத்திரைகூடக் கூடுதலாக எடுக்கவில்லை. என்னுடைய பத்தியமே அதை அதிகமாக்கிவிட்டது. ஒன்பது நாள் வார்டில் இருந்தார். பிழைத்துக்கொண்டார். தறிக்குத் திரும்ப இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதக் கூலியை யார் கொடுப்பது?

மாணவர்களிடம் இதைச் சொன்னால், "நாங்கள் மருந்து கொடுக்கவில்லையே, உணவு ஆலோசனைதானே" என்கிறார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. உணவே மருந்து என்று வகுப்புக்கு வகுப்பு சொல்கிறோம். அப்படியானால் அது மற்ற மருந்தோடு மோதவும் செய்யும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டாமா? ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் எடுக்கிறவரைத் திடீரென்று தினமும் இரண்டு கட்டு கீரை சாப்பிடச் சொன்னால் மருந்தின் வேகம் குறைந்து ரத்தம் உறையும் ஆபத்து வரும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் சிறுகுறிஞ்சான் பொடியையும் சேர்த்துக்கொண்டு சஷ்டி விரதமும் இருந்தால், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். தைராய்டு மாத்திரை எடுக்கிறவருக்கு அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணமும் யோசித்துக் கொடுக்க வேண்டியதுதான்.

நான் அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். முதல் சந்திப்புக்கே மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொல்வேன். வாயால் சொல்வதை நம்பி எழுதுவதில்லை. மேஜையில் துண்டு விரித்து, பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அட்டை அட்டையாகப் பெயரும் அளவும் எழுதுவேன். அப்புறம் தனியாகக் கேட்பேன்: சூரணம், லேகியம், கஷாயம் ஏதாவது? மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை? ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றிவிடும். கடைசியாக, விரதம், நோன்பு எப்போதெல்லாம் இருப்பீர்கள்? இதை மருந்துக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள். ஒருமுறை பையின் அடியில் மூன்று டாக்டர்கள் எழுதிய ஒரே மாத்திரை மூன்று கம்பெனிப் பெயர்களில் கிடந்தது.

"கழிவு வெளியேறுகிறது" என்ற வாசகத்தை உங்கள் நாவிலிருந்தே எடுத்துவிடுங்கள். புதிதாக வாந்தி, பேதி, நடுக்கம், தள்ளாட்டம் வந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று வீட்டிலுள்ள இன்னொருவரிடமும் சொல்லி அனுப்புங்கள்.

மாத்திரையை நிறுத்தச் சொல்வது

கூடாது. குறைக்கவும் சொல்லக் கூடாது.

குறிப்பேட்டை ஞாயிறு இரவு எழுதுவது

தினசரி சுயபயிற்சிக் குறிப்பேடு பெரும்பாலான படிப்புகளில் உண்டு. ஏழு நாளுக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, "மனம் அமைதியாக இருந்தது" என்று ஏழு முறை. மதிப்பெண்ணுக்காகச் சொல்லவில்லை. நாற்பது நாள் தானே உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான், பதினோராம் நாள் கால் மரத்து, எரிச்சல் வந்து, எழுந்துவிடத் தோன்றும் என்பது தெரியும். எதிரே இருப்பவர் அதே நிலையில் நெளியும்போது அவருக்குத்தான் புரியும். செய்யாத நாளில் "செய்யவில்லை" என்று எழுதுங்கள், ஏன் என்றும் எழுதுங்கள். நான் முதலில் படிப்பது அந்தப் பக்கங்களைத்தான்.

"டாக்டர்" என்று கூப்பிட்டால் சும்மா இருப்பது

உடனே திருத்துங்கள். யோகா, இயற்கை மருத்துவப் பட்டம் படிப்பவர்கள் நாலரை வருடம் படித்து, மேலும் ஒரு வருடம் பயிற்சி மருத்துவராக இருக்கிறார்கள். நாம் படித்தது வேறு.

சிகிச்சை தரும் டாக்டருக்கு எழுதாமல் இருப்பது

கோபிப்பாரோ என்று பயப்படுகிறார்கள். இத்தனை வருடத்தில் என்னிடம் கோபித்தவர்கள் இரண்டே பேர். நாலு வரி போதும்: இவர் என்னிடம் வருகிறார், இந்தப் பயிற்சி சொல்லித்தர இருக்கிறேன், உணவில் இந்த மாற்றம் யோசிக்கிறேன், தங்களுக்கு ஆட்சேபம் உண்டா? பதில் வரும்வரை உணவில் கை வைக்காதீர்கள். அந்த மாணவியும் இப்படி ஒரு கடிதம் எழுதி, ஓ.பி. சீட்டோடு பின் அடித்து அந்த அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். உப்பை வழக்கம்போல் போடலாம், ரத்தப் பரிசோதனை அடுத்த வாரம் என்று சீட்டின் பின்புறத்திலேயே பதில் வந்தது.