வீட்டில் பாடம் நடத்தினாலும் வீடு வீடாகவே இருக்க

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தாமானில் (குடியிருப்பில்) இருந்துகொண்டு பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது பாடப்புத்தகத்தைத்தான். அதெல்லாம் கிடைத்துவிடும். உரசல் வருவது வீட்டு ஆட்களுக்குள்.

அனுமதியை முதலில் முடியுங்கள். மலேசியாவில் 2003 முதல் ஆரம்பப்பள்ளி கட்டாயம். கல்வி அமைச்சின் விலக்கு இல்லாமல் வீட்டில் வைத்திருந்தால் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அந்த விலக்குக் கடிதம் கையில் இல்லாத வீட்டில் வெளியே கார் நின்றாலே அம்மாவுக்குப் படபடப்பு, அது பிள்ளைக்கும் தொற்றும்.

அடுத்தது பாட்டி. "பள்ளிக்கூடம் போகாத பிள்ளை உருப்படுமா" என்று அவர் புலம்பினால் வாதாடாதீர்கள், அவருக்கு ஒரு பாடத்தைக் கொடுத்துவிடுங்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவராக இருந்தால், ஏன் விடியுமுன்னே பால் வெட்டப் போனார்கள் (குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும்), பாலை உறைய வைக்க ஏன் ஆசிட் ஊற்றினார்கள் என்று அவர் சொல்வதே ஒரு வார அறிவியல் வகுப்பு. குறை சொல்லிக்கொண்டிருந்தவர் பிறகு நேரமாச்சு என்று பேரனை எழுப்ப ஆரம்பித்துவிடுவார்.

பாடம் முடியும் நேரத்தை மட்டும் கண்டிப்பாக வையுங்கள். ஒரே பிள்ளைக்கு நேருக்கு நேர் சொல்லித்தரும்போது சின்ன வகுப்புக்குக் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் போதும், அதற்குமேல் இழுத்தால் கத்தல்தான் மிச்சம். உங்கள் குரல் ஏறுகிறதா, புத்தகத்தை மூடுங்கள், வாய்ப்பாடு நாளைக்கும் இருக்கும். சோற்றுத் தட்டுக்கு முன்னால் கணக்குப் பேச்சு வேண்டவே வேண்டாம்.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்து "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று சோதிக்கும் அதிகாரியாக இருக்கக் கூடாது. ஒரு பாடத்தை அவரே முழுசாக எடுக்கட்டும், அந்த நேரம் அம்மாவின் சொந்த நேரம். இது இல்லாத வீட்டில் எரிச்சல் எல்லாம் புருஷன் பெண்டாட்டிச் சண்டையாகத்தான் வெடிக்கும்.

சாயங்காலம் திடல், பூப்பந்து, கோவில் தேவார வகுப்பு என்று எங்காவது அனுப்புங்கள், சகவயதுக் கூட்டம் பிள்ளைக்குச் சோறு மாதிரி.

பக்கத்து வீட்டோடு ஒப்பிடாதீர்கள். ஆறாம் ஆண்டில் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இலேயே ரத்தாகிவிட்டது, ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வைப் பள்ளி வழியாக இல்லாமல் தனியாராகவும் எழுதலாம். அப்புறமும் பிள்ளை வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல், பேசாமல் ஒடுங்கியிருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். பள்ளிக்கே திரும்ப ஆசைப்பட்டால் மாவட்டக் கல்வி இலாகாவில் போய்க் கேளுங்கள், ஊர் என்ன சொல்லும் என்று தள்ளிப்போடாதீர்கள்.