எரிபொருள் வில்லை ஆய்வில் சீரியம் ஒட்சைட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியாவிலோ இருந்துகொண்டு அணு எரிபொருள் வில்லைகளை (தூளை அழுத்திச் சுட்டெடுக்கும் சிறு உருளைகளை)ப் படிக்க விரும்பும் மாணவருக்கு யுரேனியம் கிடைக்கப்போவதில்லை. கைக்கெட்டும் மாற்றுப்பொருள் சீரியம் ஈரொட்சைட்டு. யுரேனியம், புளுத்தோனியம், சீரியம் மூன்றின் ஈரொட்சைட்டுக்கும் ஒரே பளிங்கமைப்பு; சாலக மாறிலி (பளிங்கில் திரும்பத் திரும்ப வரும் அலகின் பக்க நீளம்) முறையே 5.47, 5.40, 5.41 அங்ஸ்ட்ரொம். இந்த ஒற்றுமையை நம்பி மற்றக் குணங்களும் ஒன்றென்று எடுத்துவிடுவதுதான் பிழைகளுக்கு வேர்.

மிக மோசமானது உலை வாயுவில் நேரும் பிழை. யுரேனியம் ஈரொட்சைட்டு சூட்டில் வளிபட்டால் மேலும் ஒட்சிசன் ஏற்றுத் தூளாகும்; ஆகவே அதை ஐதரசன் கலந்த வாயுவில் 1700 பாகை செல்சியஸ் அளவில் சுடுவார்கள். அதே நடைமுறையைச் சீரியத்துக்கும் பிடித்தால் வில்லை வெடித்துப்போகும். ஐதரசன் ஒட்சிசனைப் பறிக்க, சீரியம் நான்கு ஏற்றத்திலிருந்து மூன்றுக்கு இறங்கும். அந்த அயன் பெரியது, வில்லை வீங்கும். குளிர்கையில் வளி புகுந்தால் திரும்பச் சுருங்கும். கீறல் அங்கேதான் விழுகிறது. சீரியத்தை வளியிலேயே 1500 பாகை அளவில் சுடுங்கள். சுடும் நடுவில் கரண்ட் நின்றால் உலைக் கதவைத் திறக்காதீர்கள், தானாக ஆறட்டும்.

அடுத்தது நிறுவை. புளுத்தோனியம் ஒட்சைட்டு திணிவில் 20 சதவீதம் கலந்த எரிபொருளில், மூல் கணக்கிலும் அது ஏறக்குறைய 20தான். அதற்குப் பதிலாகச் சீரியம் ஒட்சைட்டை 20 சதவீதம் நிறுத்துப் போட்டால் மூல் கணக்கு 28க்குப் போய்விடும், ஏனெனில் அதன் மூலக்கூற்றுத் திணிவு 172, மற்றது 271. மூலில் கணக்கிட்டு, பிறகு கிராமுக்கு மாற்றுங்கள். மாரி ஈரத்தில் திறந்து வைத்த தூளை உலர்த்தாமல் நிறுக்கவும் வேண்டாம்.

அடர்த்தியையும் அந்தந்தப் பொருளின் கொள்கையளவு அடர்த்தியோடுதான் (துளையே இல்லாவிட்டால் இருக்கும் அடர்த்தி) ஒப்பிட வேண்டும்: யுரேனியம் ஈரொட்சைட்டுக்கு 10.97, சீரியம் ஈரொட்சைட்டுக்கு 7.22 கிராம்/கன சென்ரிமீற்றர். நீரில் அமிழ்த்தி நிறுக்கும் ஆர்க்கிமிடிஸ் முறையில் நீரின் அடர்த்தியை 1.000 என்று போடுவது நம் வெக்கையில் சரிவராது. 32 பாகையில் அது 0.995. அரைச் சதவீத வழு சின்னதாகத் தெரியும். ஆனால் 95 சதவீதம் எல்லையென்றால், 94.6 சதவீத வில்லையும் அதைத் தாண்டியதாகத் தேறிவிடும்.

வில்லையாக அல்லாமல் சிறு உருண்டைகளாகச் செய்யும் எரிபொருளுக்கு மாற்றாகச் சிர்க்கோனியா (சிர்க்கோனியம் ஈரொட்சைட்டு) எடுப்பவர்கள் தூய சிர்க்கோனியாவைத் தவிர்க்கட்டும். குளிரும்போது பளிங்கு மாறிப் பருமன் கூடி உடையும். இற்றியம் ஒட்சைட்டு கலந்ததே நிற்கும்.

கொக்கிளாய், புல்மோட்டைக் கரை மணலில் சீரியமும் சிர்க்கோனியாவும் மலிவாகக் கிடைக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. அங்குள்ள சிர்க்கன் என்ற கனியம் ஒரு சிலிக்கேற்று, சிர்க்கோனியா அல்ல. அங்குள்ள மற்றக் கனியமான மொனசைட்டில் சீரியத்தோடு கதிர்த்தொழிற்பாடுள்ள தோரியமும் சேர்ந்தே இருக்கிறது. கதிர்த்தொழிற்பாடற்ற பொருள் தேடிய நோக்கமே அதோடு கெட்டுப்போகும்.