வாட்டர்கலர் பட்டறையில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

ஓவியர் ஒருவர் டெமோ கொடுக்கும்போது சுற்றி நிற்பவர்களின் கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். எல்லோரும் பிரஷ் நுனியையே பார்ப்பார்கள். எந்த நீலம் எடுத்தார், பிரஷ் எத்தனாம் நம்பர் என்று குறித்துக்கொள்வார்கள். அடுத்த நிறத்தை வைக்கும் முன் அவர் தலையைச் சாய்த்து, தாளை வெளிச்சத்துக்கு எதிராகப் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்திருப்பார். அதை யாரும் குறிப்பதில்லை. தாளில் எவ்வளவு ஈரம் மிச்சமிருக்கிறது என்றுதான் அவர் பார்த்தார். புதிதாகக் கற்பவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஈரக் கணக்கு பிசகுவதால் வருபவை.

தண்ணீர் பூசியதும் தாள் பளபளக்கும். அப்போது வைக்கும் நிறம் கட்டுப்பாடில்லாமல் ஓடிக் கரையும். கொஞ்ச நேரத்தில் பளபளப்பு அடங்கி மெல்லிய மினுக்கம் மட்டும் மிஞ்சும். அப்போது வைத்தால் நிறம் அங்கேயே நின்று ஓரம் மட்டும் மென்மையாக விரியும். மேகம், மூடுபனி, தூரத்து மரங்கள் எல்லாம் வரைய ஏற்ற நேரம் அதுதான். அப்புறம் மினுக்கமும் போய்விடும். பார்க்கக் காய்ந்தது போலத்தான் இருக்கும், ஆனால் புறங்கையை வைத்தால் குளிரும். உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆபத்தானது இந்தக் கடைசி நிலை. ‘இந்த இடத்தைக் கொஞ்சம் சரி செய்யலாமே’ என்று கை போவதும் பெரும்பாலும் அப்போதுதான். தண்ணீர் நிறைந்த பிரஷ் பட்டதும், அந்தப் புதுத் தண்ணீர் தாளில் படிந்துகொண்டிருந்த நிறமித் துகள்களை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சேர்த்துவிடும். நடுவே வெளுத்து, விளிம்பு நெளிநெளியாகக் கறுத்த ஒரு திட்டு விழும். காலிஃபிளவர் என்று ஓவியர்கள் சொல்வது இதைத்தான். விழுந்தபின் அதைத் தேய்த்தால் இன்னும் மோசமாகும். அப்படியே விட்டுவிட்டு முழுக்கக் காயவிடுங்கள். தேவையானால் மறுபடி நனைத்துச் சரிசெய்யலாம். ஈரத் தாளில் வேலை செய்யும்போது தாளில் இருப்பதைவிடப் பிரஷ்ஷில் தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

இதனால்தான் ‘இரண்டு நிமிடம் காத்திருந்து அடுத்த நிறம்’ என்று எழுதி வைக்கும் குறிப்பு வீட்டில் உதவுவதில்லை. பட்டறை அறையின் காற்றும் ஈரப்பதமும் வேறு, உங்கள் அறையில் இருப்பது வேறு. மின்விசிறி ஓடினால் போதும், கணக்கு மாறிவிடும். தாள் மாறினாலும் அப்படித்தான். பருத்தித் தாள் தண்ணீரை உள்ளே இழுத்து நெடுநேரம் வைத்திருக்கும். மரக்கூழ்த் தாளில் தண்ணீர் மேலாக நின்று, சீக்கிரமாகவும் திட்டுத்திட்டாகவும் காயும். குறிப்பு எழுதுவதானால் நிமிடத்தை விட்டுவிட்டு, ‘பளபளப்பு அடங்கியதும்’ என்று எழுதுங்கள்.

தாளைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். செலவை எங்கே குறைப்பது என்ற விஷயத்தில் பலர் தலைகீழாக முடிவெடுக்கிறார்கள். விலை உயர்ந்த நிறப் பெட்டியை வாங்கிவிட்டு, தாளுக்கு மட்டும் ஏதோ ஒரு ஸ்கெட்ச் புத்தகத்தோடு வருவார்கள். என்னைக் கேட்டால், மாணவர் தர நிறங்களோடு நல்ல தாள் போதும். மறுபக்கம் எவ்வளவு நல்ல நிறமும் மெல்லிய தாளைக் காப்பாற்றாது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனம், கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்புள்ள) மேற்பரப்பு என்று பட்டறையின் பொருள் பட்டியலில் இருந்தால் அதையே வாங்குங்கள். அதைவிட மெல்லிய தாள் நனைந்ததும் மேடும் பள்ளமுமாக நெளியும், நிறம் பள்ளங்களில் போய்த் தேங்கும். 300 ஜிஎஸ்எம் தாளும் நிறையத் தண்ணீர் பட்டால் சற்று நெளியத்தான் செய்யும். நான்கு பக்கமும் பலகையில் ஒட்டிக்கொள்வது நல்லது. அந்தப் பலகையையும் மேசையில் தட்டையாக வைக்காமல், மேல்பக்கம் சற்று உயர்த்தி வையுங்கள். அகலமான வாஷ் (நீர்த்த நிறத்தைப் பரப்பிப் பூசுவது) போடும்போது நிறம் சீராகக் கீழே இறங்கி, கடைசியில் விளிம்பில் திரளும். பிழிந்த பிரஷ்ஷால் அந்தத் திரளை உறிஞ்சி எடுக்க மறந்தால், அது திரும்ப ஏறி இன்னொரு காலிஃபிளவர் விழும்.

அடுத்தது பயம். புதியவர்கள் நிறத்தைச் சோற்றில் உப்பு போடுவதுபோல் துளித்துளியாகச் சேர்ப்பார்கள். வாட்டர்கலர் காய்ந்ததும் வெளுக்கும். ஈரத்தில் ‘சரியாக இருக்கிறது’ என்று தோன்றினால் காய்ந்தபின் சோகையாகத்தான் இருக்கும். அதனால் ஈரத்தில் பார்க்கும்போது ‘கொஞ்சம் அதிகமோ’ என்று தோன்றும் அளவுக்குப் போடப் பழகுங்கள். உலர்ந்த கட்டி நிறம் என்றால் வேலை தொடங்கும் முன்பே ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஊற வையுங்கள். வாஷ் போடுவதற்கான நிறத்தைத் தேவைக்கு மேலேயே கலக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாதி வானத்தில் நிறம் தீர்ந்து, திரும்பக் கலக்குவதற்குள் ஓரம் காய்ந்துவிடும்.

நிறம் சேறாகிறது என்பது எல்லாப் பட்டறையிலும் கேட்கும் புலம்பல். நிறங்களைக் கலந்ததுதான் காரணம் என்று உடனே பழி போடுவார்கள். உண்மையில் அரை ஈரத்தில் பிரஷ்ஷைத் திரும்பத் திரும்ப ஓட்டியதே பல நேரம் காரணம். கலவையில் தவறு இருந்தால், டியூபில் அச்சிட்டிருக்கும் நிறமி எண்ணைப் பாருங்கள். அல்ட்ராமரைன் நீலம் என்றால் பிபி29 என்ற ஒரே நிறமிதான் இருக்கும். கவர்ச்சியான பெயர் கொண்ட பல டியூபுகளில் ஏற்கனவே இரண்டு மூன்று நிறமிகள் கலந்திருக்கும். அப்படி இரண்டைச் சேர்த்தால் ஐந்தாறு நிறமிகள் மோதிக்கொள்ளும். ஒற்றை நிறமிகளை வைத்துக்கொண்டால் வேலை எளிது. அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் சேர்ந்தாலே அருமையான சாம்பல் நிறங்கள் கிடைக்கும், கறுப்பு டியூபே தேவைப்படாது.

தவறான நிறத்தை ஈரப் பிரஷ்ஷால் ஒற்றி எடுக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் எல்லா நிறமும் விட்டுக்கொடுக்காது. அல்ட்ராமரைன் ஓரளவு எழும்பி வரும். தாலோ நீலம் நாரில் கறையாகப் பிடித்துக்கொள்ளும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தேய்க்கத் தேய்க்கத் தாளின் மேலிருக்கும் பசைப் பூச்சுதான் போகும். அந்த இடத்தில் அடுத்த நிறம் ஒழுங்காகப் பிடிக்காது.

தாளின் வெள்ளையை அப்படியே விடும் இடங்களை முதலிலேயே முடிவு செய்யாததும் பெரிய தவறு. அந்த இடங்களில் பூசி, பிறகு உரித்தெடுக்கும் மாஸ்கிங் ஃப்ளூயிட் பயன்படுத்துவதானால் தாள் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். மேலே ஹேர் டிரையர் காட்டக்கூடாது, நாள்கணக்கில் விட்டுவைக்கவும் கூடாது; உரிக்கும்போது தாளும் சேர்ந்து வரும். நல்ல பிரஷ்ஷை அதில் முக்காதீர்கள். கடைசியில் இரண்டு புள்ளி வெள்ளை நிறம் வைப்பதைப் பாவமாக நினைப்பவர்கள் உண்டு. புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட்டே தன் வாட்டர்கலர்களில் ஒளிபுகா வெள்ளையைத் தாராளமாக வைத்திருக்கிறார்.

சின்ன விஷயங்கள் சில. பிரஷ் கழுவ ஒரு ஜாடி, சுத்தத் தண்ணீருக்கு இன்னொன்று. பிரஷ்ஷை ஜாடிக்குள் நிற்கவிடாதீர்கள், நுனி வளைந்துவிடும். தொடக்கத்தில் பெரிய பிரஷ். சின்னப் பிரஷ்ஷை எடுத்தால் வாஷ் முழுக்கக் கோடு விழும்.

கடைசியாக, பட்டறை முடிவதற்குள் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு முழு ஓவியம் வேண்டும் என்ற அவசரம். அந்த அவசரத்தில்தான் ஆசிரியரிடம் தாளை நீட்டி ‘நீங்களே சரி செய்து கொடுங்களேன்’ என்பார்கள். அவர் நாலு தொடுகையில் சரி செய்தும் கொடுப்பார். படம் நன்றாக இருக்கும், கைக்கு ஒன்றும் வந்திருக்காது. அதற்குப் பதில் ஒரு துண்டுத் தாளை நீட்டி, அந்த ஒரு இடத்தை மட்டும் அதில் செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு உங்கள் தாளில் நீங்களே செய்து பாருங்கள்.