கூகை என்ன தின்கிறது? கக்கல் உருண்டையைப் பிரித்து அறியும் செய்முறை

இரவில் வேட்டையாடும் ஒரு பறவையின் உணவை நேரில் பார்த்துக் குறிப்பெடுப்பது ஏறத்தாழ இயலாத செயல். ஆனால் ஆந்தை இனத்தைச் சேர்ந்த கூகை தன் உணவுக்கான சான்றைத் தானே விட்டுச் செல்கிறது. எலி போன்ற சிறு இரையை அது பெரும்பாலும் முழுதாகவே விழுங்குவதால், செரிக்காத எலும்பும் மயிரும் பூச்சிகளின் ஓடும் இரைப்பையில் திரண்டு, சில மணி நேரத்துக்குப் பின் உருண்டையாக வாய்வழியே வெளியேறுகின்றன. பறவை ஆர்வலர்கள் இதைப் பெல்லட் என்பார்கள். இங்கே கக்கல் உருண்டை என்று சொல்லுவோம். பருந்து இனங்களும் இப்படிக் கக்குகின்றன என்றாலும், அவற்றின் வயிற்று அமிலம் கடுமையானது என்பதால் எலும்புகள் பெரிதும் கரைந்துவிடும். ஆந்தை இனங்களின் அமிலம் அவ்வளவு கடுமையானதன்று. சுண்டெலியின் தாடை எலும்புகூட அதில் பழுதின்றி மிஞ்சும். எனவே உணவாய்வைத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்பது என் கருத்து.

முதல் படி: உருண்டைகளைச் சேகரித்தல்

பழைய கட்டிடங்கள், கோபுர மாடங்கள், பயன்படாத கிடங்குகள் ஆகியவற்றில் கூகை பகலில் தங்கும். தரையில் சுண்ணாம்பு தெளித்தாற்போன்ற வெள்ளை எச்சம் தெரிந்தால், அதனருகே கரிய நிறத்தில், 3 முதல் 7 செ.மீ. நீளமுள்ள உருண்டைகளைத் தேடுங்கள். புதியவை மெருகு பூசியதைப்போல் பளபளக்கும். பறவை இரை தேடச் சென்ற பின்னரே உள்ளே செல்ல வேண்டும். முட்டையோ குஞ்சோ இருக்கும் காலத்தில் அந்தப் பக்கமே போகக் கூடாது. கூகை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட பறவை. வனத்துறைக்கு உட்பட்ட இடமாயின் முன் அனுமதி கட்டாயம்.

முதல் வருகையில் கிடக்கும் பழைய உருண்டைகளை முழுவதும் அகற்றிவிட்டு, அதன்பின் மாதம் ஒருமுறை சேகரித்தால், ஒவ்வொன்றும் எந்த மாதத்தின் உணவு என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்காதிருக்க ஞெகிழிப் பையைத் தவிர்த்து, உருண்டைக்கு ஒரு காகித உறை வீதம் இட்டு, தேதியையும் இடத்தையும் எழுதுங்கள்.

இரண்டாம் படி: கிருமி நீக்கம்

இதைத் தாண்டிச் செல்ல வேண்டாம். உருண்டைகளில் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கக்கூடும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, அலுமினியத் தாளில் சுற்றி, இதற்கென்றே ஒதுக்கிய பழைய குக்கரில் அரை மணி நேரம் ஆவியில் வேகவைத்து, பின்னர் நன்கு உலர்த்துங்கள். அந்தக் குக்கர் மீண்டும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

மூன்றாம் படி: பிரித்தல்

நீள அகலங்களை அளந்து குறித்தபின், உருண்டையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, வெள்ளைத் தட்டில் வைத்து, இடுக்கியாலும் ஊசியாலும் மயிரை மெல்ல விலக்குங்கள். மண்டையோடும் கீழ்த்தாடையும்தான் நமக்கு முதன்மையானவை. அவற்றைப் பற்கள் உதிராமல் எடுப்பதில்தான் பொறுமை தேவை.

நான்காம் படி: அடையாளம் காணுதல்

பற்களிலிருந்து தொடங்குங்கள். முன்னே வளைந்த உளிப்பற்கள், அடுத்துப் பெரிய வெற்றிடம், பின்னே கடைவாய்ப் பற்கள் என்றிருந்தால் அது எலி இனம். இடைவெளியின்றிக் கூரிய பற்கள் வரிசையாக அமைந்திருந்தால் அது மூஞ்சூறு. பலரும் அதை எலியாகவே எண்ணுகிறார்கள், ஆனால் அது கொறிவிலங்கு அன்று. பற்களே இல்லாமல் அலகு இருந்தால் பறவை. எலிகளுக்குள்ளும் வேறுபாடு காணலாம்: மேல் உளிப்பல்லின் முகப்பில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடினால் அது வெள்ளெலி. வயல் சுண்டெலியின் மண்டையோடு ஏறத்தாழ 2 செ.மீ. நீளமே இருக்கும், வளர்ந்த கரம்பை எலியுடையது அதைப்போல் இருமடங்கு.

ஐந்தாம் படி: எண்ணுதல்

தொடக்கத்தில் மிகுதியாகப் பிழை நேர்வது இங்கேதான். ஓர் உருண்டையில் இரண்டு மண்டையோடுகள், மூன்று இடத் தாடைகள், இரண்டு வலத் தாடைகள் கிடைத்தால், அவற்றைக் கூட்டி ஏழு எலிகள் என்று எழுதிவிடக் கூடாது. ஓர் எலிக்கு ஒரே ஓர் இடத் தாடைதான் உண்டு. ஆகவே குறைந்தது மூன்று எலிகள் என்பதே சரியான விடை. தாடைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, அளவு ஒத்துவராதவற்றைத் தனி விலங்காகக் கொள்ளுங்கள்.

எண்ணிக்கையோடு எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் ஊட்டத்தைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும். பத்துப் பத்து கிராம் எடையுள்ள ஆறு சுண்டெலிகள் 60 கிராம் இறைச்சியைத்தான் தருகின்றன; 100 கிராம் எடையுள்ள ஒரே ஒரு இளம் கரம்பை எலி அவற்றை விஞ்சிவிடுகிறது. எண்ணிக்கையில் முந்தும் இரை, உணவில் பிந்தியிருக்கலாம்.

முறையின் எல்லைகளையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். மென்மையான உடலுள்ள புழுக்கள் தடயமின்றிச் செரித்துவிடும். பெரிய எலியின் தலையைத் துண்டித்துவிட்டு உடலை மட்டும் தின்றிருந்தால் மண்டையோடு கிடைக்காது. அப்போது இடுப்பெலும்புகளையும் தொடையெலும்புகளையும் எண்ண வேண்டும். சில உருண்டைகளைக் கொண்டு முடிவுக்கு வராமல், ஓராண்டின் எல்லாப் பருவங்களிலும் சேகரியுங்கள்; அறுவடைக் காலத்துக்கும் மழைக் காலத்துக்கும் இடையே இரை மாறுவது அப்போது புலப்படும்.

உலர்ந்த எலும்புகளைக் கறுப்பு அட்டையில் ஒட்டி, இரையின் பெயரையும் தேதியையும் எழுதி, அந்துருண்டை இட்ட பெட்டியில் வையுங்கள். சாவுக்குருவி என்று அஞ்சி மாடத்தை அடைக்க நினைக்கும் கட்டிட உரிமையாளரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்த அட்டையைத்தான்.