ஆர்க்டிக் குளிரில் இனுக்டிடூட் பேட்டி எடுப்பது எப்படி

கனடாவின் வடகோடியில் இனுயிட் பழங்குடியினர் வாழும் இக்லூலிக் ஊர் 1975இலும் 1979இலும் தொலைக்காட்சியே வேண்டாம் என்று வாக்களித்தது. அதில் தங்கள் மொழியான இனுக்டிடூட்டுக்கு இடமில்லை என்பதே காரணம். இனுயிட் ஒளிபரப்புக் கழகம் 1982இல் இனுக்டிடூட் நிகழ்ச்சிகளைத் தொடங்கிய பிறகுதான் ஊர் மனம் மாறியது. அப்படிப்பட்ட பார்வையாளர்களுக்குப் படமெடுக்கும்போது, முதியவரின் பேச்சும் முகமும் சிதையாமல் வந்து சேரவேண்டும்.

மைனஸ் 30 டிகிரியில் முதலில் சோர்வது பேட்டரி. குறைந்தது மூன்று மாற்று பேட்டரிகள் உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். குளிரில் 'காலி' என்று காட்டியதைப் பையில் வைத்துச் சூடாக்கினால் இன்னும் சற்று நேரம் ஓடும். உறைநிலைக்குக் கீழே மட்டும் சார்ஜ் போடாதீர்கள். உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

கேமராக்களைக் கெடுப்பதில் குளிரைவிட வீட்டுச் சூடு மோசம். குளிர்ந்த கேமராவை அப்படியே உள்ளே கொண்டுபோனால் லென்ஸிலும் உள்பாகங்களிலும் ஈரம் கோத்துக்கொள்ளும். வாசலுக்கு வெளியிலேயே மெமரி கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுங்கள். கேமராவைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, இறுக மூடுங்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை, இரண்டு மூன்று மணி நேரமானாலும், பையைத் திறக்கக்கூடாது.

ஆட்டோ எக்ஸ்போஷர், அதாவது கேமரா தானே ஒளி அளவை அமைப்பது, பனியைச் சாம்பல் நிறமாக்கி முகத்தை இருட்டடித்துவிடும். முகத்தைப் பார்த்துக் கையால் அமையுங்கள். சட்டை மைக்கில் கனத்த மேலங்கி உரசும் சத்தம் ஏறும். அதற்குப் பதில் நீண்ட கோலில் மாட்டி, ரோம உறை போட்ட பூம் மைக் நல்லது. பேட்டி ஓடும்போது கேமராக்காரர் கால் மாற்றக்கூடாது, மிதிபடும் பனி நறநறக்கும்.

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது பதிலைத்தான். இனுயிட் மக்கள் புருவத்தை உயர்த்தினால் 'ஆம்', மூக்கைச் சுருக்கினால் 'இல்லை'. வாய் திறக்கவே வேண்டியதில்லை. மௌனம் என்று நினைத்துக் கேள்வியைத் திருப்பிக் கேட்காதீர்கள். ஃபிரேமில் புருவம் வெட்டுப்படாமல், தொப்பி ரோமம் மறைக்காமல் பாருங்கள். கேள்வி முடிந்ததும் ஷாட்டை மாற்றாமல் பொறுத்திருங்கள். எடிட்டிங்கில் இனுக்டிடூட் அறிந்தவர் பக்கத்தில் இருக்கவேண்டும். இல்லையேல் இந்தப் பதில்கள்தான் முதலில் வெட்டுப்படும்.

சப்டைட்டிலில் அந்தப் புருவத்துக்கும் 'ஆம்' என்று எழுதுங்கள். கனடாவின் இனுயிட் பகுதியான நூனவுட்டின் கிழக்குக்கு இனுக்டிடூட் அசை எழுத்து, அதன் உறவு மொழியான இனுயின்னக்டுன் பேசும் மேற்குக்கு ரோமன் எழுத்து. பழைய கோப்புகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும், முன்பே மாற்றிவிடுங்கள். ஒரே சொல் முழு வாக்கியமாக நீளும் மொழி இது. சொல்லின் நடுவில் வரியை உடைக்காமல், வாசித்து முடிக்கும்வரை திரையில் நிறுத்துங்கள்.