தெனாரியஸை ரூபாயாக்காதீர்கள்

ரோமானியப் பொருளாதாரம் பற்றிப் புதிதாக எழுத வருபவர்களின் கட்டுரைகளைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். நான் ஆரம்பத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். பேரரசர் பெயர், ஆண்டுக் குழப்பமெல்லாம் புத்தகத்தைத் திறந்தால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காசை ரூபாயாக மாற்றுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் லீஜியன் என்ற படைப்பிரிவின் வீரருக்கு ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். தெனாரியஸ் என்பது ரோமானிய வெள்ளிக்காசு. அந்த வெள்ளியை எடை கட்டி, சந்தை விலையால் பெருக்கி, வீரர் பரம ஏழை என்று என் முதல் கட்டுரையில் எழுதினேன். "மத்தேயு நற்செய்தியில் திராட்சைத் தோட்டத்து ஆளுக்கு நாள் கூலியே ஒரு தெனாரியஸ்தானே தம்பி, கூலிக் கணக்கில் போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார் ஒரு பெரியவர். போட்டேன். தொகை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. கட்டுரையின் வாதமே அந்த எண்ணின் மேல்தான் நின்றது. மூன்று மாத உழைப்பு போயிற்று.

கி.பி. 301-இல் பேரரசர் டயோக்ளீஷியன் போட்ட விலை உச்சவரம்பு ஆணையைப் பாருங்கள். அதற்குள் தெனாரியஸின் மதிப்பு வெகுவாகத் தேய்ந்திருந்தது. விவசாயக் கூலிக்குச் சாப்பாடு தவிர நாளுக்கு 25, முடிவெட்ட 2, அந்தக் கூலியாள் போடும் ஆணியில்லாத பூட்ஸ் 120. இன்று முடிவெட்ட 150 ரூபாய் என்று வைத்தால் பூட்ஸ் 9,000 ரூபாய், கூலி 1,875. பூட்ஸ் 1,200 ரூபாய் என்று தொடங்கினால் கூலி 250, முடிவெட்ட 20! எது சரி? இரண்டுமில்லை. இன்றைய செருப்பு இயந்திரத்தில் வருகிறது, அதனால் மலிவு. அன்று தோல் பதனிடுவதிலிருந்து கடைசித் தையல்வரை கைவேலை. பொருள் அரிது, ஆள் மலிவு. இந்த விகிதம்தான் அந்தப் பொருளாதாரம். ரூபாயாக்கினால் அதுவே அழிந்துபோகிறது. எத்தனை நாள் கூலி, எத்தனை படி கோதுமை என்று எழுதுங்கள்.

இலவச தானியம் எல்லோருக்கும்

இல்லை. அகஸ்டஸ் காலத்தில் ரோம் நகரில், பட்டியலில் பெயர் இருந்த சுமார் 2 லட்சம் பேருக்கு.

முசிறிக்குப் போன பொன்

முசிறி சேர நாட்டுத் துறைமுகம். ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸை (நான்கு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ்) இந்தியா உறிஞ்சுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியதை வைத்து ரோமைத் திவாலாக்காதீர்கள். அந்த வணிகத்தில் அரசுக்கு வருமானமும் வந்தது: செங்கடல் வழியே எகிப்து வந்த மிளகுக்கு 25 சதவீதம் சுங்கம் வாங்கியது.

மத்திய வங்கி

கிடையாது. கி.பி. 33-இல் கடன் நெருக்கடி வந்தபோது பேரரசர் திபேரியஸ்தான் 10 கோடி செஸ்டர்ஸை 3 ஆண்டுக்கு வட்டியில்லாமல் இறக்கினார். அதுவும் கடனைப்போல் இரு மடங்கு நிலத்தை ஈடு வைத்தவர்களுக்கு.