ஒளி குறைந்தால் காரணி அடங்கிவிட்டதா?

மதுரையில் செல் வளர்ப்புக்கு வரும் மாணவர்கள் பலர் மூலிகைச் சாற்றோடுதான் வருகிறார்கள். சிறுமலையில் பறித்த இலை, இல்லாவிட்டால் கீழமாசி வீதியில் வாங்கிய நிலவேம்பு. என்எஃப்-கப்பா-பி என்பது ஒரு படியெடுப்புக் காரணி, அதாவது டிஎன்ஏவில் ஒட்டி அழற்சி மரபணுக்களை இயக்கும் புரதம். அது ஒட்டும் வரிசையை, மின்மினிப் பூச்சியின் ஒளி தரும் நொதியான லூசிஃபெரேஸின் மரபணுவுக்கு முன்னால் வைத்த பிளாஸ்மிட்டை (சிறு வட்ட டிஎன்ஏ) செல்லுக்குள் ஏற்றி, டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தால் தூண்டி, சாற்றையும் விடுகிறார்கள். காரணி வேலை செய்தால் ஒளி கூடும் என்பது கணக்கு. ஒளி பாதியாகிறது. ‘அழற்சியை அடக்கும் மூலிகை’ என்று மறுநாளே போஸ்டர் தயார்.

கருவி அளப்பது காரணியை அல்ல, நொதியின் ஒளியை. அந்த ஒளிக்கு லூசிஃபெரின் என்ற வினைப்பொருள், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி, மக்னீசியம், ஆக்சிஜன் எல்லாம் வேண்டும். சாறு நொதியையே முடக்கியிருக்கலாம். ரெஸ்வெரட்ரால் என்ற தாவரப் பொருள் அப்படிச் செய்வது தெரிந்த சங்கதி. நிறமுள்ள சாறு ஒளியை விழுங்கியிருக்கலாம். செல்களே செத்துக்கொண்டிருக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: பிடிசி124 என்ற மருந்துப் பொருள் லூசிஃபெரேஸோடு ஒட்டிக்கொண்டு அதைச் சிதையவிடாமல் காப்பதால் ஒளி கூடுகிறது என்று 2009-இல் காட்டினார்கள்.

இதைப் பிரித்தறிய ஒரு பிற்பகல் போதும். சாறு படாத, தூண்டப்பட்ட செல்களைச் சிதைத்து, அந்தக் கரைசலில் அதே செறிவில் சாற்றைக் கலந்து உடனே அளந்து பாருங்கள். அங்கே படியெடுப்பு நடக்க வழியே இல்லை. அங்கும் ஒளி சரிந்தால் போஸ்டரை மடித்து வைக்கலாம். நிலவேம்பில் உள்ள ஆன்ட்ரோகிராஃபோலைடு என்ற பொருள் என்எஃப்-கப்பா-பியின் பி50 துணைப்புரதத்தில் உண்மையாகவே பிணைகிறது. அதற்காக இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட முடியாது. காரணி ஒட்டும் இடத்தை மாற்றிய பிளாஸ்மிட் ஒன்றையும் பக்கத்தில் ஓட்டுங்கள். அதிலும் அதே அளவு ஒளி குறைந்தால் சாற்றின் வேலை வேறெங்கோ நடக்கிறது.

அடுத்தது ரெனில்லா, ஒரு கடலுயிரியிலிருந்து எடுத்த இன்னொரு ஒளி நொதி. பிளாஸ்மிட் செல்லுக்குள் ஏறியதில் உள்ள ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்ட இதை வைத்து, மின்மினி ஒளியை இதன் ஒளியால் வகுக்கிறோம். ஆனால் அதை இயக்க சிஎம்வி என்ற வைரஸின் ஊக்கியை (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி) போடுகிறவர்கள் அதிகம். சிஎம்வியிலேயே என்எஃப்-கப்பா-பி ஒட்டும் இடங்கள் இருக்கின்றன. டிஎன்எஃப்-ஆல்ஃபா விட்டால் வகுக்கும் எண்ணும் கூடவே ஏறும். விகிதம் பொய் சொல்லும். டிகே போன்ற மெலிந்த ஊக்கி போதும், அளவும் குறைவாக. விகிதத்தை மட்டும் பார்க்காமல் இரண்டு எண்களையும் தனித்தனியே எழுதி வையுங்கள். சாறு விட்ட கிணறுகளில் (தட்டின் குழிகளில்) ரெனில்லா ஒளியும் குறைந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நச்சுத்தன்மையை.

சித்திரை வெயிலில் மின்சாரம் போய் ஏசி நின்ற அறையில் அளப்பது வீண். மின்மினி நொதி சூடு தாங்காது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கரைசலை அப்படியே ஊற்றுவதும் தவறு. தட்டும் கரைசலும் 20 முதல் 25 டிகிரிக்குள் ஒரே வெப்பத்துக்கு வந்த பிறகு அளக்க வேண்டும். ஒளி ஒரு கிணற்றிலிருந்து அடுத்ததற்குக் கசியாமல் இருக்க ஒளி ஊடுருவாத வெள்ளைத் தட்டு வாங்குங்கள்.

ஒரே தட்டின் மூன்று கிணறுகளை மூன்று சோதனைகளாகக் கணக்கிடுவதை எந்த ஆய்வு வழிகாட்டியும் அனுமதிக்கக் கூடாது. வேறு வேறு நாளில், புதிதாகப் பரப்பிய செல்களில் செய்தால்தான் அது மூன்று. மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியாவின் தொற்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தொற்றிய செல்களில் டிஎன்எஃப்-ஆல்ஃபா இல்லாமலேயே என்எஃப்-கப்பா-பி விழித்துக்கொள்ளக்கூடும்.